ஐடிசியா, மாவட்ட நீதிமன்றமா, சீன நீதிமன்றமா? காப்புரிமை வழக்கில் அரசியல் நுழையும் இடங்கள்

வெளிநாட்டுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் மீதான காப்புரிமை வழக்கில் முதல் கேள்வி, எங்கே தொடுப்பது என்பதுதான். மீறல் நடந்ததா என்ற தீர்ப்பையே அரசியல் நேரடியாக மாற்றியதாக நிரூபிப்பது கடினம். அது கைவைப்பது நிவாரணத்திலும் கால அட்டவணையிலும்.

அமெரிக்க மாவட்ட நீதிமன்றத்தில் அரசியலின் கை குறைவு. நீதிபதிகள் வாழ்நாள் நியமனம். இழப்பீடு கிடைக்கும். மீறல் நிரூபணமானாலே விற்பனைத் தடை வராது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2006 ஈபே தீர்ப்புக்குப் பிறகு, தடை வாங்குவது எளிதல்ல. உள்நாட்டு நிறுவனங்களுக்கு 2017 முதல் வழக்கு தொடுக்கும் இடத்தில் கட்டுப்பாடு உண்டு. வெளிநாட்டு நிறுவனத்தை எந்த மாவட்டத்திலும் இழுக்கலாம். ஆக, பிரதிவாதிக்கு ஜூரி யார் என்பதே பெரிய கவலை.

ஐடிசி எனப்படும் அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக ஆணையம் வேறு ரகம். 1930ஆம் ஆண்டு சுங்கவரிச் சட்டத்தின் 337ஆம் பிரிவில் புகார் கொடுத்தால், விசாரணை தொடங்குவதா என்பது 30 நாளில் தெரிந்துவிடும்; முடிவு பெரும்பாலும் 16 முதல் 18 மாதத்தில். பணம் கிடைக்காது. சரக்கு எல்லையிலேயே நிற்கும். அதுதான் அதன் பலம். அந்தக் காப்புரிமை சார்ந்த தொழில் அமெரிக்காவில் இருப்பதைப் புகார்தாரர் நிரூபிக்க வேண்டும். தடை ஆணைக்குப் பின் ஜனாதிபதிக்கு 60 நாள் பரிசீலனை; அதுவரை பிணைத்தொகை கட்டி இறக்குமதியைத் தொடரலாம்.

அரசியல் நுழைவது இந்த 60 நாளில்தான். 2013 ஆகஸ்டில், ஐபோன் 4, ஐபேட் 2 ஆகியவற்றின் சில மாடல்கள் மீது சாம்சங் பெற்ற தடையை, ஜனாதிபதியின் சார்பில் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி மைக்கேல் ஃப்ரோமன் ரத்து செய்தார். 1987க்குப் பிறகு அதுவே முதல் முறை. அக்டோபரில் சாம்சங் ஃபோன்கள் மீது ஆப்பிள் பெற்ற தடையில் அவர் தலையிடவில்லை. முதலாவது தொழில்நுட்பத் தரநிலைக்கு இன்றியமையாத காப்புரிமை, அதாவது நியாயமான கட்டணத்தில் எல்லோருக்கும் உரிமம் தருவதாக உரிமையாளர் வாக்களித்தது; இரண்டாவது அப்படியல்ல. வலுவான காரணம்தான், ஆனாலும் ரத்தானபோதே தென்கொரிய அரசு வெளிப்படையாகக் கவலை தெரிவித்தது.

2021இல், எல்ஜி தொடுத்த வழக்கில் தென்கொரிய பேட்டரி நிறுவனமான எஸ்கே இன்னவேஷனுக்கு 10 ஆண்டு இறக்குமதித் தடை விழுந்தது. அது வர்த்தக ரகசிய வழக்கு என்றாலும் பிரிவு அதே 337தான். எஸ்கே கட்டிவந்த பேட்டரி ஆலையைக் காட்டி ஜார்ஜியா ஆளுநரே தடையை நீக்கக் கோரினார். கெடு முடியும் தறுவாயில், எல்ஜிக்கு 2 லட்சம் கோடி வோன் தர ஒப்புக்கொண்டு எஸ்கே சமரசமானது. எத்தனை வேலைகள் போகும், சந்தையில் மாற்றுப் பொருள் யாரிடம் உண்டு என்ற பொதுநலன் ஆவணங்களைத் தோற்ற பிறகு திரட்டினால் காலம் போதாது. புகார் வந்த நாளிலேயே ஆரம்பிக்க வேண்டும்.

இதோடு, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் செல்லாமை மனு (அந்தக் காப்புரிமையே செல்லாது என்ற மனு) போடும் வழியும் நிர்வாகம் மாறினால் மாறுகிறது. இணையாக ஐடிசி வழக்கு நடப்பதைக் காட்டி மனுவை மறுக்கக் கூடாது என்ற 2022 வழிகாட்டல் 2025 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. 2022இன் வியூகத்தை இன்றும் நம்பியிருப்பது ஆபத்து.

சீனாவில் அரசியல் நெருக்கம் அதிகம் என்பது என் மதிப்பீடு. 2018 ஜூலை 6 அன்று சீனப் பொருட்கள் மீது அமெரிக்காவின் முதல் சுற்று 25% வரி அமலானது. அதற்குச் சில நாள் முன்பு, ஃபுஜியன் மாகாணத்தின் ஃபுசோ இடைநிலை நீதிமன்றம், அமெரிக்க நினைவகச் சிப் நிறுவனமான மைக்ரானின் 26 பொருட்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. வழக்கு தொடுத்த நிறுவனங்களில் ஒன்றான சிப் நிறுவனம் ஜின்ஹுவா, அந்த மாகாண அரசின் ஆதரவு பெற்றது; மைக்ரான் ஏற்கெனவே கலிஃபோர்னியாவில் அதன் மீது வழக்கு போட்டிருந்தது. இது தற்செயலா என்பதை நிரூபிக்க முடியாது. ஆனால் தன் நாட்டில் ஒரு சீன நிறுவனத்தின் மீது வழக்கு போடுபவர், அந்நிறுவனத்தின் சொந்த மாகாணத்தில் எதிர்வழக்கு வரும் என்று கணக்கில் வைத்தே தீர வேண்டும்.

அங்கே அமெரிக்கா போல எதிர்த்தரப்பின் கோப்புகளைக் கேட்டு வாங்கும் விரிவான நடைமுறை கிடையாது. நோட்டரி முன்னிலையில் பொருளை வாங்கி, சீல் வைத்துச் சாட்சியமாக்குவதே வழக்கம். எதிர்வழக்கு பெரும்பாலும் யுடிலிட்டி மாடல் காப்புரிமையில் வந்தால் வியப்பில்லை. முழுப் பரிசோதனை இல்லாமல் தரப்படுவது அது. வெளிநாட்டுப் பிரதிவாதிக்குப் பதில் மனு தாக்கல் செய்ய 30 நாள் அவகாசம். அதற்குள் செல்லாமை மனுவையும் போட்டால் வழக்கை நிறுத்திவைக்கக் கோரலாம். தாண்டினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும்.