வெளிநாட்டு அநாதை இல்ல ஊழியம்: டீமாகப் போவதா, தங்கி உழைப்பதா, குடும்பங்களைத் தாங்குவதா?

சபையில் மிஷன் பயணம் என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் மூன்று யோசனைகள் வரும். பத்துப் பதினைந்து பேர் இரண்டு வாரம் போய், இல்லத்துப் பிள்ளைகளுக்கு விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தி, சுவருக்கு வண்ணம் அடித்துத் திரும்புவது ஒன்று. ஓரிருவர் ஆறு மாதமோ ஒரு வருடமோ அங்கேயே தங்கி உழைப்பது இன்னொன்று. பிள்ளைகளோடு நாம் நேரடியாகப் பழகாமல், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் ஆட்களையும் அவர்கள் பிறந்த குடும்பங்களையும் தாங்குவது மூன்றாவது. எங்கள் குழு மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதனால் இதை நடுநிலை அலசல் என்று சொல்லிக்கொள்ள மாட்டோம்.

ஆள் சேர்ப்பது, காணிக்கை திரட்டுவது, வாலிபர்களுக்கு உற்சாகம் என எதை எடுத்தாலும் முதல் வழி மற்ற இரண்டையும் முந்திவிடும். திரும்பி வந்ததும் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லலாம், படம் காட்டலாம். இதில் விவாதமே இல்லை. வண்ணம் அடிப்பது பற்றியும் ஒரு வரி போதும்: அந்த ஊரிலேயே பெயின்டர் இருக்கிறார், நம்மைவிட நன்றாக அடிப்பார், அவருக்குக் கூலியும் தேவை.

எங்களைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒரே கேள்விதான். டீம் விமானம் ஏறிய மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது யார்? அடுத்த வருடமும் அதே ஆள்தான் இருப்பாரா?

ஒரு கணக்குப் போடுங்கள். மாதம் ஒரு டீம், டீமுக்கு 12 பேர் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 144 புது முகங்கள். அந்த இல்லத்தில் ஆறு வருடம் வளரும் பிள்ளையை 864 பேர் தூக்கிக் கொஞ்சிவிட்டுக் காணாமல் போயிருப்பார்கள். போய் இறங்கிய பத்தாவது நிமிடமே ஒரு குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால் நமக்கு மனம் உருகுகிறது. ஆனால், நிலையான ஒருவரிடம் வளரும் மூன்று வயதுக் குழந்தை அந்நியரைக் கண்டால் முதலில் தன் ஆளின் பின்னால் ஒளியும். பேதமில்லாமல் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வது, கவனிப்பு பறிபோனதன் அறிகுறி என்றே குழந்தை மருத்துவம் பார்க்கிறது. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000-ல் தொடங்கிய ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பியது. குடும்பத்துக்குப் போனவர்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள், பாசப் பிணைப்பில் தெளிவாக முன்னேறினார்கள். 2009-ல் ஐ.நா. பொதுச்சபை வரவேற்ற, பெற்றோரோடு வாழ முடியாத பிள்ளைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களும் இதே திசையில்தான் பேசுகின்றன. குறிப்பாக மூன்று வயதுக்கு உட்பட்டவர்களைக் குடும்பச் சூழலிலேயே வைக்க வேண்டும். வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது.

டீம் இருக்கும் இரண்டு வாரத்தில் பராமரிப்பாளரின் நிலைமை இன்னும் சங்கடம். படுக்கும் நேரம் தள்ளிப்போகும், வீட்டுப்பாடம் நிற்கும். அவர் 'வேண்டாம்' என்ற மிட்டாயை விருந்தாளி கொடுத்துவிடுவார். டீம் போன பிறகு, அவருடைய சொல்லுக்கு இருந்த மதிப்பை அவரே மறுபடி கட்டியெழுப்ப வேண்டும். பிள்ளைகளின் அழுகையும் பரிசுப் பொருளுக்கான சண்டையும் அவர் தலையில்தான் விழும்.

இன்னொரு சிக்கல், நம் வருகையே இல்லங்களைப் பெருக்குகிறது என்பது. கம்போடியாவில் 2005-ல் 154 ஆக இருந்த குழந்தைகள் இல்லங்கள் 2010-ல் 269 ஆயின. பெற்றோரை இழந்த பிள்ளைகள் அந்த ஐந்து வருடத்தில் அப்படிக் கூடிவிடவில்லை. இல்லங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார். நேபாளத்தில் இல்லங்கள் குவிந்திருப்பது ஏழ்மை மிகுந்த மலை மாவட்டங்களில் அல்ல; காத்மாண்டு, பொக்காரா, சித்வன் என்று வெளிநாட்டார் வந்துபோகும் இடங்களில். படிப்பும் சாப்பாடும் இலவசம் என்று சொல்லி ஊரிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருவார்கள்; தரகருக்குப் பெற்றோரே பணம் கொடுப்பதும் உண்டு. ஹெய்தியில் 2010 நிலநடுக்கத்துக்குப் பின் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் குழுவினர் 10 பேர், 33 பிள்ளைகளை உரிய தாள்கள் இல்லாமல் எல்லை கடத்த முயன்று கைதானார்கள். பலருக்குப் பெற்றோர் இருந்தது பிறகுதான் வெளியே வந்தது. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு போனார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை, விசாரிக்காமல் போனார்கள். 2017-ல் கென்யா புது இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தி வைத்தது. அநாதை இல்லச் சுற்றுலாவாலும் தன்னார்வப் பயணங்களாலும் வரும் கேட்டை 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே குறிப்பிட்டது.

இரண்டாவது வழிக்கு வருவோம். நீண்டகாலம் தங்குவது முதல் வழியைவிட நல்லது, ஆனால் நிபந்தனைகளோடு. ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. உள்ளூர் மொழி பேச்சளவுக்காவது வர வேண்டும். உள்ளூர் மேலாளரின் கீழ் வேலை செய்ய வேண்டும். பிசியோதெரபி, கணக்கு, தொழிற்பயிற்சி மாதிரி ஒரு கைத்திறன் இருந்து, அதை அங்குள்ள ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வர வேண்டும். 'அம்மா', 'அப்பா' என்று அழைக்கப் பழக்கக் கூடாது. கிளம்பும் தேதியை ஒரு மாதம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லி, பொறுப்பை ஏற்பவரோடு சேர்ந்தே கடைசி வாரங்களைக் கழிக்க வேண்டும். பதின்வயதினரிடத்தில் இது நன்றாக வேலை செய்யும் என்று தோன்றுகிறது. இந்த வகையில் எங்கள் அனுபவம் குறைவு, அடித்துச் சொல்ல மாட்டோம்.

இனி எங்கள் தேர்வு. யாக்கோபு 1:27 திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் சேர்த்தே சொல்கிறது. தாயைத் தனியாக விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் கட்டடத்தில் வைப்பது அந்த வசனத்துக்கும் பொருந்தவில்லை. நடைமுறையில் இதற்கு உள்ளூர் சபையோ, சமூகப் பணியாளர் உள்ள ஓர் அமைப்போ கூட்டாளியாக வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் கோப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: பிறப்புப் பதிவு, சேர்த்த காரணம், உறவினர் விவரம், மீளாய்வுத் தேதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மீளாய்வு நடப்பது நல்லது என்கிறது ஐ.நா. வழிகாட்டுதல்.

இல்லத்துப் பிள்ளை தன் குடும்பத்துக்கு வீடு திரும்புவது ஒரே நாளில் நடப்பதல்ல. உறவினரைத் தேடுவது, வீட்டுச் சூழலை மதிப்பிடுவது, பெற்றோர் இல்லத்துக்கு வந்துபோவது, பிள்ளை வார இறுதியில் வீட்டில் தங்குவது, பிறகு திரும்புவது, அதன்பின் ஓரிரு வருடம் தொடர்ந்து போய்ப் பார்ப்பது. இதில் கெட்டுப்போகும் இடம் கடைசிப் படிதான். பிள்ளை வீடு போனதும் 'வெற்றி' என்று எண்ணி ஸ்பான்சர்கள் பணத்தை நிறுத்திவிடுவார்கள். கல்வியாண்டின் நடுவில் பள்ளிக் கட்டணம் நின்றால், அந்தத் தாய் பிள்ளையை வேறொரு இல்லத்தில் கொண்டுபோய் விடுவாள். ஆகவே இரண்டு வருடத்துக்கான பணம் கையில் இல்லாமல் ஒரு பிள்ளைக்கும் இதைத் தொடங்காதீர்கள். பணம் எங்கிருந்து வரும் என்றால், டீமின் மொத்த விமானக் கட்டணத்தை அந்த ஊர் சமூகப் பணியாளரின் மாதச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள்.

பயணமே வேண்டாம் என்பதல்ல. இரண்டு முதல் நான்கு பேர் போகலாம். என்ன வேலை என்ற பட்டியலைக் கூட்டாளிதான் தர வேண்டும், அதுவும் மூன்று மாதம் முன்பே. வயரிங், தண்ணீர்த் தொட்டி வேலைகளைப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் முடிக்கலாம். செவிலியர் ஒருவர் பராமரிப்பாளர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கலாம். இதன் குறையையும் சொல்லிவிடுகிறோம்: காட்டப் படம் இருக்காது, டீமில் வந்தவர்கள் ஏமாந்ததுபோல் முகம் சுளிப்பார்கள், காணிக்கை மெதுவாகத்தான் வரும். கடும் ஊனமுள்ள பிள்ளைகளுக்கு வளர்ப்புக் குடும்பம் கிடைப்பதும் எளிதல்ல. அவர்கள் விஷயத்தில் இல்லம் இன்னும் சில காலம் தேவைப்படலாம்.

டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்பவர்களுக்கு: விபிஎஸை இல்லத்துக்குள் நடத்தாமல் அக்கம்பக்கத்துச் சபையில், ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து நடத்துங்கள். இல்லத்தில் தங்காதீர்கள், படுக்கையறைப் பக்கம் போகாதீர்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது பராமரிப்பாளரின் வேலை. எந்த நேரமும் பெரியவர்கள் இருவராவது சேர்ந்தே இருங்கள். பரிசுகளை மேலாளரிடம் கொடுத்துவிடுங்கள், அவர்கள் நேரம் பார்த்துக் கொடுக்கட்டும். முகம் தெரியும் படம் வேண்டாம், 'திரும்ப வருவேன்' என்ற வாக்கும் வேண்டாம். போகும் ஒவ்வொருவருக்கும் காவல்துறை நற்சான்று வாங்குங்கள். அதைக் கேட்காத இல்லம் வேறு யாரிடமும் கேட்டிருக்காது. நேபாளம் போன்ற நாடுகளில் சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளமில்லா வேலை செய்வதும் விதிமீறல். தூதரகத்திடம் எழுத்தில் கேளுங்கள்; 'எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள்' என்று இல்லத்தார் சொல்வதை நம்பி ஏறாதீர்கள்.