எத்தனை வயதில் ஸ்னோமொபைல்? நான்கு இடத்துச் சட்டங்கள்

ஸ்னோமொபைல் என்பது பனியின் மேல் ஓடும் மோட்டார் வண்டி. கனடாவின் ஒன்டாரியோவில் நம்மவர்கள் நிறைய இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அங்கே 12 வயது ஆன பிள்ளை பயிற்சி வகுப்பில் தேறி, ஸ்னோமொபைலுக்கென்றே இருக்கும் லைசென்ஸ் வாங்கிவிட்டால், ஸ்னோமொபைல் சங்கங்கள் பராமரிக்கும் டிரெயில்களில், அதாவது பனிப்பாதைகளில், ஓட்டலாம். பொதுச் சாலையைக் கடக்க மட்டும் 16 ஆக வேண்டும். 12-க்குக் கீழ் என்றால் சொந்த நிலத்தோடு சரி.

பக்கத்திலேயே இருக்கும் கியூபெக்கில் 16 வயதுக்கு முன் ஓட்டவே கூடாது. 16, 17 வயதுக்காரர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழும் கட்டாயம். ஆக, ஒன்டாரியோவில் இரண்டு குளிர்காலம் ஓட்டிப் பழகிய 14 வயதுப் பையன் எல்லையைத் தாண்டினால் ஓட்டக் கூடாது. குடும்பமாக அங்கே போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அமெரிக்காவில் விஸ்கான்சினும் மினசோட்டாவும் அக்கம்பக்கத்து மாநிலங்கள். இரண்டிலும் 12 வயது முதல் பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால் பொது டிரெயிலில் ஓட்டலாம். வேறுபாடு அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம்தான். விஸ்கான்சினில் பெற்றோரோ 18 தாண்டிய ஒருவரோ அதே வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மினசோட்டாவில் பெரியவர் இன்னொரு வண்டியில் கூடவே வந்தாலும் போதும்.

இந்த இரண்டில் விஸ்கான்சின் வழிதான் சரி என்பேன். பெரிய ஸ்னோமொபைல் 200 கிலோவுக்கு மேல் இருக்கும். வளைவில் உடம்பைச் சாய்த்துத்தான் அதைத் திருப்ப வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த எடை ஏது? வேகம் கூட்டும் விசை வலது கட்டைவிரலில் இருக்கிறது. பயத்தில் பிள்ளை கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரலும் சேர்ந்து அழுத்திவிடும், வண்டி பாயும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் கைநீட்டி இன்ஜினை நிறுத்தலாம். ஐம்பது அடி தள்ளி வேறொரு வண்டியில் வருபவர் கத்தத்தான் முடியும். ஹெல்மெட்டுக்குள் அந்தச் சத்தமும் கேட்காது.

கனடாவின் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது இன்னும் கண்டிப்பு: 16-க்குக் கீழ் ஓட்ட வேண்டாம், 6 வயதுக்குக் கீழ் பின்னால் உட்கார்ந்துகூடப் போக வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகமும் அதையே சொல்கிறது. நான்கு சட்டங்களில் இதற்குக் கிட்ட வருவது கியூபெக் மட்டும்தான். டிரெயிலைப் பொறுத்தவரை என் வாக்கும் கியூபெக்குக்கே. ஆனால் ஒன்டாரியோவின் பயிற்சி வகுப்பை ஒதுக்கிவிட மாட்டேன். 12 வயதில் அதைப் படிக்கட்டும். டிரெயிலுக்கு அனுப்புவதை மட்டும் தள்ளிப்போடலாம்.

அதுவரை பிள்ளை கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அதற்குச் சிறுவர்களுக்கென்றே வரும் 120 சிசி வண்டிகள் உண்டு. ஆர்க்டிக் கேட், போலாரிஸ், ஸ்கீ-டூ மூன்றுமே செய்திருக்கின்றன. வேகத்தைக் கட்டுப்படுத்தியே விற்பார்கள். சட்டம் இடம் கொடுக்கும் மாநிலத்தில், ஏரியோ குளமோ இல்லாத சொந்த நிலத்தில், பிள்ளை விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிற்றை அதன் ஜாக்கெட்டில் மாட்டிவிட்டு, ஒரு பெரியவர் ஓடிப் பிடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டு ஓட்டவிடலாம்.