அக்ரிலிக்கும் ஸ்க்வீஜியும்: நெடுநாள் புழங்கியதில் தெரிந்தவை

அரூப ஓவியத்தில் ஸ்க்வீஜி (வண்ணத்தை இழுத்துப் பரப்பும் நீளப் பட்டை) என்றதும் ஜெர்மனி ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் நினைவுக்கு வருவார். அவர் இழுத்தது எண்ணெய் வண்ணம். நாள்கணக்கில் ஈரம் தாங்கும். அந்த இழுப்பைச் சீக்கிரம் காயும் அக்ரிலிக் வண்ணத்தில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மின்விசிறிக் காற்றில் மெல்லிய பூச்சு சில நிமிடங்களிலேயே ஆடை கட்டிவிடும். அதன்மேல் ஸ்க்வீஜியின் ரப்பர் போனால் வண்ணம் வழுக்காது, சுருண்டு பிய்ந்து வரும். விசிறியை அணைப்பது முதல் வேலை. ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் கலவை) சேர்க்கலாம், ஆனால் நூற்றுக்குப் பதினைந்து பங்கைத் தாண்டினால் படம் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். தண்ணீர் கூட்டினால் வண்ணத்தின் மேடு நிற்காது.

கடை கேன்வாஸில் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) இருந்தாலும் நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என மேலும் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாள் போடுங்கள். துணி தொய்ந்திருந்தால் அழுத்தும்போது பின்சட்டத்தின் விளிம்பு கோடாக விழும்; அதை மறைக்க முடியாது. பெரிய இழுப்புக்கு எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த) பலகையே மேல்.

கண்ணாடி துடைக்கும் வைப்பர் மலிவு, ஆனால் ரப்பர் மெல்லிசு. கெட்டி வண்ணத்தில் மடங்கிவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கான மரப்பிடி ஸ்க்வீஜி நெடுநாள் உழைக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், சுவருக்குப் பட்டி பூசும் பிளேடும் அருமை; வாங்கியதும் இரு முனைகளையும் அரத்தால் உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஜெஸ்ஸோவைக் கீறும்.

அடிநிறம் முழுசாகக் காய்ந்திருக்கட்டும். மேல்நிறத்தை ஸ்க்வீஜியின் விளிம்போடு விரல்கனத்துக்கு வரிசையாக வையுங்கள். படுக்கைச் சாய்வில் பிடித்தால் வண்ணம் படியும். நிமிர்த்தினால் வழித்துக்கொண்டு போகும். பாதி வழியில் மெல்ல நிமிர்த்தினால், கெட்டியாகத் தொடங்கிய நிறம் நைந்து, அடிநிறம் தீவுதீவாக எட்டிப்பார்க்கும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். இரண்டாவது இழுப்பு பெரும்பாலும் கெடுக்கத்தான் செய்யும்.

தாலோ நீலம் என்ற அடர்நீலத்தை மட்டும் கடுகளவில் தொடங்குங்கள். பக்கத்து நிறத்தையெல்லாம் விழுங்கிவிடும். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு சாயல் கருக்கும், ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

முடிந்த படங்களை முகத்தோடு முகம் அடுக்காதீர்கள். வெயில் காலத்தில் ஒட்டிக்கொள்ளும். குமிழ் உறையைப் படத்தின்மேல் நேரடியாகச் சுற்றினால் குமிழ்கள் வட்டவட்டமாகப் பதியும். ரப்பரில் காய்ந்த வண்ணத்தைப் பிளேடால் சுரண்டாமல், ஊறவைத்து நகத்தால் உரியுங்கள். விளிம்பில் ஒரு வெட்டு விழுந்தால் அடுத்து இழுக்கும் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் ஒரு கீற்று நிற்கும்.