நான்கு மாத நீண்ட விடுப்பு: எடுத்துப் பார்த்தவளின் மதிப்பீடு

எங்கள் அலுவலகத்தில் ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு நீண்ட விடுப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் வரை எடுக்கலாம். முதல் மாதம் முழுச் சம்பளம், அப்புறம் சம்பளம் கிடையாது. ஆனால் வேலை பத்திரமாக இருக்கும். நான் நான்கு மாதம் எடுத்தேன். திரும்பி வந்து பத்து வாரம் ஆகிறது.

என் வேலை சர்வர்களைக் கண்காணிப்பது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆன்-கால். ராத்திரி இரண்டு மணிக்கு போன் அதிர்ந்தால் பத்து நிமிடத்தில் லாப்டாப் முன்னால் இருக்க வேண்டும். போகப்போக, ஆன்-கால் இல்லாத வாரங்களிலும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பையன் ஏதோ சந்தேகம் கேட்க, வெடுக்கென்று ஒரு பதில் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில், பர்ன்அவுட் எனும் வேலைச் சோர்வு ஒரு நோயாக இல்லை, வேலை சார்ந்த நிலையாகத்தான் இருக்கிறது. அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் மனம் கசந்து விலகுவது, வேலைத்திறன் குறைவது. முதலாவது எனக்கு ஒரு வருடமாக இருந்தது. இரண்டாவதும் வந்துவிட்டதை அந்தப் பையன் முகத்தில் பார்த்தேன். மூன்றாவதுக்குக் காத்திருக்காமல் விண்ணப்பித்தேன்.

விண்ணப்பம் ஒரே பக்கம்தான், சிரமமில்லை.

குறை எங்கே என்றால், விடுப்பில் இருப்பவரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று விதியில் ஒரு வரிகூட இல்லை. மூன்றாவது வாரம் ஒரு அழைப்பு. ஒரே ஒரு பாஸ்வேர்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்போதுதான் விடியும்வரை தூங்கப் பழகியிருந்தேன்; அன்று ராத்திரி மறுபடியும் இரண்டு மணிக்கு விழிப்பு. மறுநாளே லாப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போனிலிருந்து அலுவலகச் செயலிகளையும் எடுத்துவிட்டேன். உண்மையான விடுப்பு அன்றைக்குத்தான் தொடங்கியது. ஓய்வைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் சபீனே சோனென்டாக் போன்றவர்கள் வேலையிலிருந்து மனதளவில் விலகுவதை முதன்மையாகச் சொல்வது ஏன் என்று எனக்கு அப்போது புரிந்தது. எத்தனை மாதம் என்பதைவிட இதுதான் முக்கியம்.

முதல் மாதம் தூக்கத்திலேயே போனது. அதை வீண் என்று நினைக்காதீர்கள். ஏழாவது வாரம், ஒரு பழைய நாற்காலியின் காலை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெயிண்டுக்கு அடியில் மரத்தின் ரேகை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது. விரல் நுனியெல்லாம் தூள். வெளிச்சம் மங்கிய பிறகுதான் நிமிர்ந்தேன். காலையிலிருந்து போனைத் தொடவே இல்லை.

திரும்பி வருவதற்குத் திட்டத்தில் எந்த ஏற்பாடும் கிடையாது. இரண்டாவது வாரமே என் பெயரை ஆன்-கால் பட்டியலில் போட்டிருந்தார்கள். விடுமுறை தரும் தெம்பு சில வாரங்களிலேயே கரைந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழைய சுமைக்கே திரும்பினால் நான்கு மாதமும் வீணாகிவிடும் என்று பயந்தேன். மேனேஜரிடம் உட்கார்ந்து பேசி, ஆன்-காலை ஆறு வாரத்துக்கு ஒருமுறையாக மாற்றிக்கொண்டேன். இந்தப் பேச்சை விடுப்புக்குப் போகும் முன்பே முடித்திருக்க வேண்டும். நீங்கள் முடித்துவிட்டுப் போங்கள்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். மூன்று மாதச் செலவுக்குக் கையில் சேமிப்பு இல்லாதவர்களுக்கு இந்தத் திட்டம் உதவாது, அது பெரிய குறை. படுக்கையிலிருந்து எழவே முடியாத நிலையில் இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள், விடுப்பெல்லாம் அப்புறம். மற்றவர்கள், இன்னும் நிற்கத் தெம்பு இருக்கும்போதே விண்ணப்பியுங்கள்.

விடுப்பின் முதல் நாளே அலுவலகம் லாப்டாப்பைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், திரும்பி வந்த முதல் மாதம் ஆன்-கால் கூடாது. இந்த இரண்டு வரியையும் விதியில் சேர்க்கச் சொல்லி ஹெச்ஆருக்கு எழுதியிருக்கிறேன்.