கலர் காங்கிரீட்டுக்கு எந்த பவுடர்? பல வருஷம் யூஸ் பண்ணி பார்த்த அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன், நல்ல அயர்ன் ஆக்சைடு பவுடர் (காங்கிரீட்டுக்கு கலர் வர கலவையிலயே சேர்க்குற இரும்பு ஆக்சைடு பொடி) போட்ட காங்கிரீட் அவ்ளோ சீக்கிரம் வெளுக்காது. "கலர் போச்சு, பவுடர் டூப்ளிகேட்"னு சொல்லி என்னை கூட்டிட்டு போய் காட்டின தரைங்கள்ல பாதிக்கு மேல பவுடர் அப்படியே தான் இருந்துச்சு, மேல வெள்ளையா உப்பு பூத்திருந்துச்சு, இல்லன்னா கலவையில தண்ணி அதிகமாகி மேல்தோல் தேஞ்சு மணல் வெளிய தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு. நடைபாதை, படிக்கட்டு, பூந்தொட்டி, ஸ்டாம்ப் பண்ணின (ஈரமா இருக்கப்போ அச்சு அழுத்தி டிசைன் எடுத்த) முற்றம்னு நான் போட்டதெல்லாம் வெயில்லயும் மழையிலயும் கிடந்து வருஷக்கணக்கா ஆனப்புறம் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு தான் இத எழுதுறேன்.

கலர் வாரியா சொல்றேன். சிவப்பு, பிரவுன் ரெண்டும் கண்ண மூடிட்டு போடலாம், சாதா கிரே சிமெண்ட்லயே நல்லா எடுக்கும், வருஷம் போனாலும் தொந்தரவு தராது. ரெட் ஆக்சைடுலயே ஆரஞ்சு பக்கம் போற சிவப்பும் இருக்கு, ஊதா பக்கம் போற சிவப்பும் இருக்கு, அது வேற கெமிக்கல் கலந்ததால இல்ல, துகளோட சைஸ் தான் காரணம், பொடிசா இருந்தா மஞ்ச சாயல், பெருசா இருந்தா ஊதா சாயல். அதனால "ரெட் ஆக்சைடு ஒண்ணு குடுங்க"னு வாங்காம ஷேட் நம்பர் கேட்டு வாங்குங்க.

மஞ்சள் கொஞ்சம் பொறுமை கேக்கும். அந்த துகள் ஊசி மாதிரி நீளமா இருக்கும், சிவப்ப விட தண்ணி அதிகமா இழுக்கும், கலவை இறுகிப்போகும், உடனே வேலை பாக்குறவங்க இன்னும் ஒரு வாளி தண்ணி ஊத்துவாங்க, அங்கதான் கலர் கெடுது. தண்ணிக்கு பதிலா பிளாஸ்டிசைசர் (தண்ணி கூட்டாமலே கலவைய இளக்குற கெமிக்கல்) சேர்த்தா அந்த இறுக்கம் சரியாயிடும். இன்னொண்ணு, கிரே சிமெண்ட்ல மஞ்சள் போட்டா அழுக்கு பச்சை கலந்த ஒரு மங்கல் வரும், பளிச்னு மஞ்சள் வேணும்னா வெள்ளை சிமெண்ட் தான் வழி, செலவு கூடும், ஆனா அதுக்கு மாத்து கிடையாது. மஞ்ச தரை மேல நெருப்பு மூட்டாதீங்க, அந்த ஆக்சைடு 180 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே தன்னோட தண்ணிய விட்டுட்டு சிவப்பா மாற ஆரம்பிக்கும், திரும்ப மஞ்சளாகாது. வெயில் சூடு அந்த அளவுக்கு போகாது, அத நினைச்சு பயப்பட வேணாம்.

கருப்புல தான் ஜனங்க நிறைய ஏமாறுறாங்க. கருப்புன்னு ரெண்டு விதமா கிடைக்குது, ஒண்ணு பிளாக் அயர்ன் ஆக்சைடு, இன்னொண்ணு கார்பன் பிளாக், அதாவது கரித்தூள். கார்பன் பிளாக் கொஞ்சமா போட்டாலே கன்னங்கரேல்னு வரும், போட்ட புதுசுல அயர்ன் ஆக்சைட விட அழகா இருக்கும், பார்த்ததும் ஆசை வரும். ஆனா அந்த துகள் ரொம்ப ரொம்ப பொடிசு, தண்ணியோட சேரவும் சேராது, மழை பட பட மேல்பக்கத்துல இருந்து கழுவிட்டு போயிடும், கொஞ்ச காலத்துல சாம்பல் கலர் ஆயிடும். வெளி வேலைக்கு நான் கார்பன் பிளாக் தொடறதே இல்ல. அயர்ன் ஆக்சைடு கருப்பு அடர் சாம்பல் மாதிரி தான் தெரியும், மேல சீலர் (தரைய மூடி காக்குற பூச்சு) போட்டா ஆழமா தெரியும், ஆனா நிக்கும்.

பச்சைக்கு குரோமியம் ஆக்சைடு. பளபளன்னு இருக்காது, மங்கலான இலை பச்சை தான், ஆனா சுண்ணாம்புக்கும் வெயிலுக்கும் அசையாது. நீலம்னா கோபால்ட் நீலம், விலை ஜாஸ்தி. அந்த விலைய பார்த்துட்டு ஆர்கானிக் நீலம் பச்சை (தாலோசயனின்னு சொல்லுவாங்க) வாங்குறவங்க இருக்காங்க, நிழல்ல உள்ள சின்ன அலங்கார பொருளுக்கு ஓகே, திறந்தவெளி தரைக்கு நான் நம்ப மாட்டேன். சிமெண்ட் கடுமையான காரம், சாயப்பவுடர், பெயிண்ட்ல போடுற கலர் எல்லாம் அதுல தாக்குப்பிடிக்கும்னு நினைக்காதீங்க. வாங்குறப்போ ஏஎஸ்டிஎம் சி979 (அமெரிக்க ஸ்டாண்டர்ட்) இல்லன்னா இஎன் 12878 (ஐரோப்பிய ஸ்டாண்டர்ட்) படி டெஸ்ட் பண்ணினதான்னு பாருங்க, ரெண்டுமே காங்கிரீட், சிமெண்ட் வேலைக்கான கலர் பவுடருக்குன்னே உள்ளது.

அளவு விஷயம். எப்பவுமே சிமெண்டோட எடையில சதவீதம், மொத்த கலவை எடையில இல்ல. ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலைய நிலக்கரி சாம்பல்) சேர்த்தா அதையும் சிமெண்ட் கணக்குல கூட்டணும். 50 கிலோ சிமெண்டுக்கு 4 சதவீதம்னா 2 கிலோ, அவ்ளோ தான் கணக்கு. நான் பெரும்பாலும் 3ல இருந்து 5 சதவீதத்துக்குள்ள நிப்பேன். 6 சதவீதத்துக்கு மேல போனா கலர் கூடுறது கண்ணுக்கே தெரியாது, காசு தான் போகும், தண்ணியும் அதிகமா கேக்கும். 10 சதவீதம் தான் ஏஎஸ்டிஎம் சி979 சொல்ற உச்ச வரம்பு, அத தாண்டினா காங்கிரீட் பலத்தயே கெடுத்துடும். டப்பாவால அளக்காதீங்க ப்ளீஸ், மஞ்சள் பஞ்சு மாதிரி உப்பி நிக்கும், சிவப்பு கனமா உக்காரும், ஒரே டப்பாவுல ரெண்டு எடை. தராசு இல்லாம கலர் காங்கிரீட் வேலையே ஆரம்பிக்காதீங்க.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற விஷயம், தண்ணி. ஒரே பவுடர், ஒரே அளவு, ஒரே சிமெண்ட், ஆனா ஒரு லோடுக்கு தண்ணி கூடிட்டா அந்த பகுதி வெளிறி நிக்கும், பக்கத்து பகுதி அடர்த்தியா நிக்கும், அந்த கோடு எத்தனை வருஷம் ஆனாலும் போகாது. ஏன்னா கூடுதல் தண்ணி ஆவியாகி போன இடத்துல நுண்ணிய ஓட்டைங்க நிறைய இருக்கும், அதுல வெளிச்சம் சிதறி வெளுப்பா தெரியும். அதனால ஒவ்வொரு லோடுக்கும் தண்ணிய அளந்து ஊத்த ஒரு ஆள தனியா நிறுத்திடுவேன், மணல் ஈரமா இருந்தா அதையும் கழிச்சுக்கணும். ஃபினிஷிங் பண்றப்போ மேல தண்ணி தெளிச்சு தேய்க்கிற பழக்கம் சாதா தரையில பெருசா தெரியாது, கலர் தரையில தெளிச்ச இடமெல்லாம் திட்டு திட்டா காட்டிக்கொடுக்கும். கரணைய ஒரே இடத்துல போட்டு அழுத்தி தேய்ச்சாலும் அந்த இடம் கருத்துப்போகும். சீக்கிரம் இறுகணும்னு கால்சியம் குளோரைடு சேர்க்கவே கூடாது, கருப்பு திட்டு வரும்.

கலக்குறப்போ ஜல்லி, மணல், பவுடர் மூணையும் முதல்ல மிக்ஸர்ல ஓட விட்டு அப்புறம் சிமெண்ட், அப்புறம் தண்ணி. பவுடர் கட்டியா நின்னா ஜல்லி தான் அத உடைக்கும். கையில கலந்தா அங்கங்க சிவப்பு புள்ளி நிக்கும், தேய்க்கிறப்போ கோடா இழுக்கும்.

கியூரிங்ல (போட்ட காங்கிரீட்ட ஈரம் காயாம வச்சு இறுக விடுறதுல) ஒரு சங்கடம் இருக்கு, பாலித்தீன் ஷீட் போட்டு மூடினா ஷீட் ஒட்டின இடம் ஒரு கலர், ஒட்டாம தூக்கி நின்ன இடம் ஒரு கலர். ஈர சாக்கு போட்டாலும் இதே கதை தான். கலர் வேலைக்குன்னு உள்ள கியூரிங் காம்பவுண்ட் (ஈரம் வெளிய போகாம தடுக்குற திரவம்) ஸ்ப்ரே பண்றது தான் எனக்கு சரியா வந்துச்சு.

உப்பு பூக்குறத பத்தி எல்லாரும் கேக்குறாங்க. சிமெண்ட்ல இருக்குற சுண்ணாம்பு ஈரத்தோட மேல வந்து காத்துல உள்ள கார்பன் டை ஆக்சைடோட சேர்ந்து வெள்ளையா படியுது. கிரே காங்கிரீட்லயும் வரும், அங்க கண்ணுக்கு தெரியாது, கருப்புலயும் அடர் சிவப்புலயும் அசிங்கமா தெரியும். லேசா பூத்தது வெளிய இருந்தா மழையிலயே ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா குறைஞ்சிடும், அவசரப்பட்டு ஸ்ட்ராங்கான ஆசிட் ஊத்துறவங்க வெள்ளையோட சேர்த்து மேல்தோலையும் அரிச்சுடுறாங்க, அப்புறம் மணல் கலர் தான் மிச்சம். கண்டிப்பா ஆசிட் வேணும்னா தரைய முதல்ல நல்லா நனைச்சு, ரொம்ப நீர்த்தது போட்டு, உடனே கழுவிடணும்.

"அயர்ன் ஆக்சைடுன்னா துரு தானே, உள்ள இருக்குற கம்பியும் துரு பிடிக்காதா"ன்னு ஒரு சந்தேகம் அடிக்கடி வருது. பிடிக்காது, அது ஏற்கனவே ஆக்சைடா மாறி அடங்கின பொருள், கம்பிக்கு பாதுகாப்பு காங்கிரீட்டோட காரத்தன்மை, அத இந்த பவுடர் குறைக்காது.

சீலர் போடுறதுக்கு 28 நாளாவது விடுங்க, ஈரம் உள்ள இருக்கப்போ மூடினா உள்பக்கம் வெள்ளையா மங்கிடும். நான் அக்ரிலிக் சீலர் தான் போடுறேன், நடமாட்டம் உள்ள இடத்துல ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ திரும்ப போட வேண்டியிருக்கு. திரும்ப போட்டதும் கலர் பழையபடி எழும்பி வரும், பவுடர் எங்கயும் போகலன்னு அப்பதான் வீட்டுக்காரங்களே நம்புறாங்க.

கடைசியா, மீதி பவுடர தூக்கி போடாதீங்க. பேட்ச் நம்பர், சதவீதம், சிமெண்ட் பிராண்ட், மணல் எங்க எடுத்தது எல்லாத்தையும் எழுதி அந்த பையிலயே போட்டு வைங்க. பின்னாடி பைப்புக்காக தரைய உடைச்சு ஒட்டுப்போட வேண்டி வந்தா, அதே பவுடர் இருந்தும் புது காங்கிரீட் வேற மாதிரி தான் தெரியும், அதனால தரையில ஜாயிண்ட் வெட்டியிருக்குற கோடு வரைக்கும் முழு சதுரத்தையும் எடுத்துட்டு புதுசா போடுங்க, நடுவுல ஒட்டுப்போட்டா எப்பவும் தனியா தெரியும்.