தட்டிக் கட்டும் கார்ட்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

பேர்ஸுக்குள் இருக்கும் கார்டில் இருந்து, பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவர் மெஷினைக் காட்டிக் காசை உருவிவிடுவார் என்ற பயம் எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை. மெஷினுக்குள் செருகாமல், கிட்டப் பிடித்தாலே காசு கட்டும் அலைக்குறி போட்ட கார்டை நான் சில வருடங்களாகப் பாவிக்கிறேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கடைகள், ஆஸ்பத்திரி வீதி, பெற்றோல் செட் என்று எல்லா இடத்திலும் அதுதான். காசு உருவப்படும் என்ற பயம் எனக்கு இப்போது இல்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

கார்டுக்குள் பேட்டரி கிடையாது. பிளாஸ்டிக்கின் நடுவே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று ஓடுகிறது. மெஷின் 13.56 மெகாஹேர்ட்ஸில் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே சிப்புக்கு மின்சாரம் கிடைக்கிறது. அதனால்தான் சில சென்ரிமீற்றர் தூரத்துக்குள் பிடிக்க வேண்டியிருக்கிறது. சிப் தனக்குள் உள்ள இரகசியச் சாவியை வைத்து, அந்தத் தொகைக்கும் அந்தத் தடவைக்கும் மட்டும் செல்லுபடியாகும் ஒரு குறியை உருவாக்கி அனுப்பும். வங்கி அதைச் சரிபார்க்கும். யாராவது அந்தக் குறியைப் பிடித்து வைத்தாலும் மறுமுறை அதனால் பிரயோசனமில்லை. திருட்டு மெஷின் கொண்டு திரிகிறவருக்கும் காசு போய்ச் சேர வங்கியில் பதிந்த வியாபாரக் கணக்கு வேண்டும். முறைப்பாடு போனால் அந்தக் கணக்கை வைத்தே ஆளைத் தேடலாம்.

ஆனால் அந்தக் குறி மட்டும்தான் பூட்டிய பொருள். மற்றதெல்லாம் திறந்தே கிடக்கிறது. கார்ட் வாசிக்கும் இலவச செயலி ஒன்றை ஃபோனில் போட்டு, என் கார்டை அதன் முதுகில் வைத்துப் பார்த்தேன். ஒரு கணத்தில் முழுக் கார்ட் இலக்கமும் காலாவதித் திகதியும் திரையில் வந்துவிட்டன. பழைய கார்டில் இன்னும் மோசம்: கடைசியாகச் செலவு செய்த தொகைகளும் திகதிகளும் வரிசையாக நின்றன. கடைப் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. புதிய கார்டில் அந்தப் பட்டியல் வரவில்லை. பின்பக்கத்து மூன்று இலக்க எண் இரண்டிலுமே வரவில்லை, அது அலையில் போவதே இல்லை.

அந்த மூன்று இலக்கம் இல்லாமல் என்ன செய்யலாம் என்று கேட்கலாம். 2015இல் பிரித்தானிய நுகர்வோர் அமைப்பான 'விச்?' இப்படி வாசித்த விபரத்தை வைத்தே இணையக் கடையொன்றில் தொலைக்காட்சி வாங்கிக் காட்டியது. எல்லாக் கடையும் அந்த எண்ணைக் கேட்பதில்லை என்பதுதான் ஓட்டை. 2020இல் சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்டுக்கும் மெஷினுக்கும் இடையில் இரண்டு ஃபோன்களை வைத்து, PIN என்ற இரகசிய இலக்கம் கேட்க வேண்டிய தொகையையும் வீசா கார்டில் அது இல்லாமல் எடுக்கலாம் என்று நிரூபித்தார்கள். ஆகவே கார்ட் தொலைந்தால் ஆறுதலாகப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது, உடனே வங்கிக்கு அழைத்து நிறுத்த வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும், எங்கள் கடைகளில் பெரிய ஆபத்து அலை அல்ல. கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகிற பழக்கம்தான். சாப்பாட்டுக் கடையில் பில்லோடு கார்டையும் தட்டில் வைத்து அனுப்புகிறோம். முன்பக்கம், பின்பக்கம், அந்த மூன்று இலக்கம் எல்லாம் கண்ணுக்கு மறைவாகப் போய் வருகிறது. தட்டிக் கட்டும் முறையின் உண்மையான நன்மை இங்கேதான்: கார்ட் கையை விட்டுப் போகத் தேவையில்லை. "தம்பி, மெஷினை இங்கால கொண்டு வாரும்" என்று நான் கேட்பேன். முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், அப்புறம் கொண்டு வருவார்கள். திரையில் உள்ள தொகையைப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பேன். சில கடைகளில் கார்ட் என்றால் நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபா கூடப் போடுகிறார்கள், அது அந்தத் திரையில்தான் தெரியும்.

லண்டனிலிருந்து வரும் சொந்தக்காரர் ஃபோனால் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இன்னும் நல்லது. கடைக்குப் போவது உண்மையான கார்ட் இலக்கம் அல்ல, அதற்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட வேறொரு இலக்கம். அதோடு வழமையாகக் கைரேகையோ முகமோ காட்டினால்தான் கட்டலாம்.

என்னை உறுத்துவது பதிவுகள். வங்கிக்கு எந்தக் கடை, எத்தனை மணி, எவ்வளவு என்று தெரியும். என்ன வாங்கினேன் என்பது கடைக்குத் தெரியும். பில் போடும்போது "ஃபோன் நம்பர் சொல்லுங்கோ" என்று கேட்டு, நாமும் சொன்னால், அந்தப் பொருட்களுக்குப் பக்கத்தில் நம்முடைய ஆளடையாளமும் ஏறிவிடுகிறது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் நிறைவேறியிருக்கிறது. ஆனாலும் எதற்காக நம்பர் என்று நான் கேட்ட கடைகளில் ஒழுங்கான பதில் வரவில்லை. இப்போது நம்பர் கொடுப்பதில்லை. நம்பருக்குக் கடை தரும் சலுகைப் புள்ளி போனால் போகட்டும்.

பேர்ஸில் கார்டைச் சுற்றி அலுமினியத் தாள் வைத்தால் மெஷின் வாசிக்காது, வைத்துப் பார்த்தேன். விருப்பமானவர்கள் செய்யலாம். அதைவிட முக்கியம், ஒவ்வொரு செலவுக்கும் குறுஞ்செய்தி வரும்படி வைத்திருப்பதும், வங்கிச் செயலியில் இணையக் கொள்வனவை வேண்டாத நேரத்தில் மூடி வைப்பதும். அம்மாவின் கார்டிலும் இரண்டையும் செய்து கொடுத்தேன். மருந்துக் கடைக்கு மட்டும் அவர் காசுதான் கொண்டு போகிறார். தன் வருத்தம் என்னவென்று யாருடைய கணினியிலும் இருக்கத் தேவையில்லை என்கிறார், நானும் மறுக்கவில்லை.