இங்லிஸ் தானிய எலிவேட்டர்கள்: ஐந்தும் ஒரே வரிசையில்

கனடாவின் மானிடோபா மாகாணத்து மேற்கு ஓரத்தில், ரஸ்ஸல் என்ற ஊருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது இங்லிஸ். சின்ன ஊர்தான். ஆனால் பழைய ரயில் பாதையோரம் ஐந்து மர எலிவேட்டர்கள் (விவசாயிகளிடம் தானியம் வாங்கிச் சேமித்து ரயிலில் ஏற்றிவிடும் உயரக் கட்டிடங்கள்) வரிசை குலையாமல் நிற்பதை இன்று கனடாவில் காண்பது அரிது. 1922இல் தொடங்கி 1941க்குள் கட்டி முடித்தவை. தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1930களில் மேற்குக் கனடா முழுக்க 5,700க்கு மேல் இருந்தன. ஒற்றையாக மிஞ்சியவை வழியில் அங்கங்கே தென்படும், வரிசை கிடைக்காது. வரிசையில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு கம்பெனிக்காரன் தானியத்தின் தரத்தைக் குறைத்துச் சொன்னால், விவசாயி வண்டியைப் பக்கத்து எலிவேட்டருக்குத் திருப்பலாம்.

கட்டிடமாகப் பார்த்தால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். இது ஒரு இயந்திரம், அப்படிப் பாருங்கள். சரிவில் ஏறி வரும் வண்டி முதலில் எடைமேடையில் நிற்கும். தானியம் தரைக் கம்பிவலை வழியாகக் குழிக்குள் கொட்டும். காலி வண்டியை மறுபடி நிறுப்பார்கள். கழித்தால் சரக்கின் எடை. பதர், மண்ணுக்கு ஒரு கழிவு தனி, சண்டை எல்லாம் அதில்தான். குழியிலிருந்து வாளிகள் கோத்த பெல்ட் தானியத்தை உச்சிக்கு ஏற்றும். அங்கே ஒரு குழாயை எந்தக் குதிருக்கு நேராகத் திருப்புகிறார்களோ, அதில் போய் விழும். அதன் பிறகு எல்லாம் புவியீர்ப்பின் வேலை.

சுவரை அருகில் போய்ப் பாருங்கள். பலகைகளைப் படுக்கை வாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அறைந்திருப்பார்கள். கீழே அகலப் பலகை, மேலே போகப் போகக் குறுகல்; தானியத்தின் அழுத்தம் அடியில்தான் அதிகம். 30,000 புஷல் (தானியம் அளக்கும் கணக்கு) கோதுமை என்றால் எண்ணூறு டன்னுக்கு மேல். சும்மா சட்டம் கட்டிப் பலகை அடித்தால் பிதுங்கிவிடும். ஆபீஸும் எஞ்சினும் தனிக் கொட்டகையில் இருப்பதற்குக் காரணம் தானியத் தூசு. காற்றில் பரவிய தூசுக்கு ஒரு பொறி பட்டால் வெடிக்கும்.

ஆள் ஏறும் லிஃப்ட்டைப் பற்றிக் கேளுங்கள். ஒருவர் மட்டும் நிற்கும் பலகை, கையால் இழுக்கும் கயிறு, எதிர்எடை. அந்த எடையை ஏறுபவரின் உடம்புக்குத் தக்கபடி வைத்திருப்பார்கள். இளைத்தவர் ஏறினால் சட்டென்று மேலே தூக்கிக்கொண்டு போகும்!

குறை என்றால் தூரம்தான். வின்னிபெக்கிலிருந்து 16ஆம் நெடுஞ்சாலையில் போக வர ஒரே நாளில் முடிக்க நினைத்தால் பார்ப்பதற்கு நேரம் மிஞ்சாது; ரஸ்ஸலில் இரவு தங்குவது உத்தமம். உள்ளே பார்ப்பது கோடையில்தான் நடக்கும், அதையும் முன்கூட்டியே போன் செய்து உறுதிப்படுத்துங்கள். பெட்ரோலை ரஸ்ஸலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கிளைச் சாலைகளில் சரளை வரும். எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஒதுங்குங்கள், கல் தெறித்துக் கண்ணாடியில் விரிசல் விழும். மழை பெய்த மறுநாள் மண்சாலை வேண்டவே வேண்டாம், களிமண் டயரைப் பிடித்துக்கொள்ளும். பொழுது சாயும் நேரம் மான் குறுக்கிடும்.

பக்கத்து மாகாணமான சஸ்காச்சவனின் யார்க்டன் பக்கமிருந்து வருபவர்களுக்கு ஒன்று: அந்த மாகாணத்தில் கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. எல்லை தாண்டியதும் ஒரு மணி நேரம் போய்விடும். அங்கே மூன்றரை என்றால் இங்லிஸில் நாலரை.